யது எதற்காக முடி வளர்க்கிறான்

மகன், இதை நான் வொயிஸில் போடாமல் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. வொயிஸ் போட்டால் நீ கட்டாரில் வேலைக்குப் போகிற பஸ்ஸில் இருந்துகொண்டு வேகத்தைக் கூட்டி ஓடவிட்டுக் கேட்பாய். பாதி கேட்டதும் "ஓம் அப்பா, விளங்கிற்று" என்று பதில் வந்துவிடும். உனக்கு விளங்கவில்லை. அதனால் இருந்து எழுதி, தாள் தாளாகப் படம் பிடித்து அனுப்புகிறேன். ஆறுதலாக வாசி. உன் அறையில் இருக்கிற மற்றத் தகப்பன்மாரும் வாசிக்கட்டும், நான் குறை நினைக்கமாட்டேன். அவர்களுக்கும் ஊரில் சின்னப் பிள்ளைகள் இருக்கின்றன. அவர்களும் போன் கோலில் கத்துகிறவர்கள்தான்.

விஷயத்துக்கு வருகிறேன். நீ அடுத்த மாதம் லீவில் வருகிறாய். யதுவுக்குக் கிரிக்கெட் மட்டை வாங்கிப் பெட்டிக்குள் வைத்துவிட்டதாகத் தர்சினியிடம் சொல்லியிருக்கிறாய். ஆனால் உன் கோல் வந்தால் யது கட்டிலுக்குக் கீழே போய்ப் படுத்துக்கொள்கிறான். "நித்திரையாகிட்டான்", "பக்கத்து வீட்ட போய்த்தான்" என்று தர்சினி உனக்குச் சொல்வதெல்லாம் பொய். நீ மனம் நோகக்கூடாது என்று என் மருமகள் சொல்கிற பொய். நீயோ போன கிழமை எனக்கு எடுத்து, "அப்பா, எண்ட மகனுக்கு என்னில பாசமே இல்லப் போல" என்று சொன்னாய். பாசம் இருக்கிறது. பயமும் இருக்கிறது. இந்தப் பயத்தோடு நீ வந்து இறங்கினால் உன் லீவு முழுவதையும் அவன் கட்டிலுக்குக் கீழேயே கழித்துவிடுவான். அது நடக்கக்கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

அன்று வீடியோ கோலில் நீ கண்டதை நான் திரும்பவும் சொல்கிறேன், ஏனென்றால் நீ கண்டது வேறு, அங்கே நடந்தது வேறு. யது தலையில் குளிக்கிற துவாயைக் கட்டி முதுகுப் பக்கம் தொங்கவிட்டிருந்தான். கையில் தர்சினியின் காப்பு. முன்னால் விளையாட்டுச் சட்டி பானை, சிரட்டைகளில் மணல் சோறு, செவ்வரத்தைப் பூக் கறி. மடியில் ஒரு பொம்மை. நீ கத்தினாய். "ஆம்புளப்புள்ளதானே நீ? பொம்புள மாதிரி என்ன வேல இது? கழட்டு அத." பிறகு தர்சினியைப் பார்த்து, "அந்தச் சட்டி பானை எல்லாத்தையும் தூக்கி எறி. நான் வாறதுக்குள்ள இவன் திருந்தோணும்" என்றாய். நாலு வயதுப் பிள்ளையில் திருந்துவதற்கு என்ன இருக்கிறது என்று நான் அப்போதே கேட்டிருக்கலாம். பக்கத்துக் கதிரையில்தான் இருந்தேன். மருமகள் வீட்டில் வைத்து மகனை ஏசுவது மரியாதையில்லை என்று வாயை மூடிக்கொண்டேன். இப்போது என் சொந்தக் கதிரையில் இருந்து ஏசுகிறேன்.

உனக்குத் தெரியும், நான் பிள்ளை வளர்ப்புப் படித்தவன் இல்லை. முன்பள்ளிப் பிள்ளைகளை ஓட்டோவில் ஏற்றி இறக்குகிறவன். ஆனால் பல வருடமாக என் முதுகுக்குப் பின்னால் மூன்று வயதும் நாலு வயதும் ஐந்து வயதும் கதைத்துக்கொண்டே வருகின்றன. ஓட்டோக்காரனுக்குக் காது இல்லை என்று பிள்ளைகள் நினைக்கும். அதனால் வீட்டில் சொல்லாததையெல்லாம் அங்கே சொல்லும்.

பிறந்ததும் "என்ன பிள்ளை" என்று நாங்கள்தான் கேட்கிறோம். பிள்ளைக்கு அந்தக் கேள்வியே கிடையாது. இரண்டு வயது தாண்டும்போது "நான் பொடியன்", "நான் பொம்புளப்புள்ள" என்று சொல்லப் பழகும், பெயர் சொல்லப் பழகுகிற மாதிரி. ஆனால் அது எப்போதைக்குமான விஷயம் என்று மூன்று வயதுக்குத் தெரியாது. ஒரு நாள் ஒரு பொடியன் என் பின்சீட்டில், "நான் பெரிசா வந்தா அம்மா ஆவன்" என்றான். பக்கத்தில் இருந்தவன், "நான் பஸ் ஆவன்" என்றான். இருவரும் சண்டை பிடிக்கவில்லை. அவர்களுக்கு இரண்டும் ஒரே அளவு நடக்கக்கூடிய காரியம்.

அந்த வயதில் ஆண் பெண் என்பதெல்லாம் முடியிலும் உடுப்பிலும்தான் இருக்கிறது. போன திருவிழாவுக்கு லக்சி என்ற பிள்ளைக்கு மண்டூர்க் கோயிலில் நேர்த்திக்கடனுக்கு மொட்டை அடித்தார்கள். திங்கட்கிழமை அவள் ஏறியதும் ஓட்டோவுக்குள் பெரிய வழக்கு. "நீ இப்ப பொடியன்தானே?" என்று ஒருவன் கேட்டான். "இல்ல, நான் லக்சி" என்றாள். "முடி இல்ல. பொடியன்தான். இஞ்சால வந்து இரி." அவள் காதைத் தொட்டுக் காட்டினாள். "தோடு கிடக்கு." அவன் தோட்டை உற்றுப் பார்த்தான். "அப்ப பாதிப் பொடியன்" என்று தீர்ப்புச் சொன்னான். நான் சிரிப்பை அடக்க ஏலாமல் ஹோர்னை அடித்தேன். ஆனால் பிறகு நடந்தது சிரிப்பில்லை. முடி வளரும்வரை லக்சி பொடியன்களோடுதான் விளையாடினாள். கள்ளன் பொலிஸ் ஓடினாள், முன்பள்ளி வளவில் நிற்கிற மாமரத்தில் ஏறினாள். அதற்கு முன்னே அவள் அந்த மரத்தின் பக்கமே போனதில்லை. முடி கிளிப் குத்துகிற அளவுக்கு வந்ததும் திரும்பவும் பொம்புளப்புள்ளைகளின் பக்கம் வந்து இருந்தாள். மரத்தில் ஏறுவதையும் விட்டுவிட்டாள். அவளுடைய கையும் காலும் அதே கையும் காலும்தான், மகன். இதையெல்லாம் யது என் முதுகோடு ஒட்டி இருந்துகொண்டு ஒரு சொல் விடாமல் கேட்டான். அதை நான் அப்போது கவனிக்கவில்லை.

நாலு வயது நடக்கும்போது பக்கம் பிரியத் தொடங்கும். யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. பொடியன்கள் ஒரு பக்கம், மற்றவர்கள் மறு பக்கம். சந்தியில் ஒரு நாள் தண்ணீர் விடாய் என்று அழுதவனுக்கு ஒரு பிள்ளை தன் ரோஸ் நிறப் போத்தலை நீட்டியது. "அது பொம்புளத் தண்ணி" என்று சொல்லிவிட்டு அவன் அழுதுகொண்டே வந்தான். தாங்கள் யார் என்று தெரிய வந்த புதிதில் பிள்ளைகள் எங்களை விடக் கடுமையான சட்டம் போடுவார்கள். கொஞ்சக் காலம் போனால் அந்தச் சட்டம் தானாக இளகும், பெரியவர்கள் நாங்கள் அதற்கு மேல் சீமெந்து பூசாமல் இருந்தால்.

இன்னொன்றையும் கேள், இது உன் அறைக்காரர்களுக்கும் சேர்த்துத்தான். பிள்ளைகளை ஏற்றப் போகிற நேரம் நான் கொஞ்சம் முந்திப் போய் மர நிழலில் நிற்பேன். அங்கே சோறு கறி ஆக்கி விளையாடுகிற இடத்தில் பொடியன்களும் சேரப் போவார்கள். அம்மாவாக விளையாடுகிற பிள்ளைக்குக் கை கொள்ளாத வேலை. சோறு வடிக்க வேண்டும், பிள்ளையைக் குளிப்பாட்ட வேண்டும், கடைக்குப் போக வேண்டும். அப்பாவாக வந்த பொடியனைப் பார்த்து, "நீங்க கட்டாருக்குப் போங்க" என்று சொல்வாள். அவன் வேலியோரம் போய்ச் செங்கல் துண்டைக் காதில் வைத்துக்கொண்டு நிற்பான். "சாப்பிட்டாச்சா?" என்று கேட்பான். அவள், "ஓம், சாப்பிட்டாச்சி. இப்ப வேல கிடக்கு, மறுகா எடுங்க" என்று வைத்துவிடுவாள். அவன் எவ்வளவு நேரம் அப்படி நிற்பான்? கல்லை எறிந்துவிட்டுப் பந்து விளையாடப் போய்விடுவான். பொடியன்களுக்கு வீட்டு விளையாட்டுப் பிடிக்காது என்று முன்பள்ளி ரீச்சர் சொல்கிறா. பிடிக்காமல் இல்லை. அந்த வீட்டுக்குள் அப்பாவுக்கென்று நாங்கள் ஒரு வேலையும் விட்டுவைக்கவில்லை.

உன்னைப் பற்றியும் ஒன்று சொல்கிறேன். உன் அறைக்காரர்கள் சிரித்தால் சிரிக்கட்டும். யதுவின் வயதில் நீ அம்மாவின் தலையணையைத் துவாயால் இடுப்பில் கட்டிக்கொண்டு திரிந்தாய். அது உன் பிள்ளை. அதற்குக் காய்ச்சல் என்று என்னிடம் கொண்டுவருவாய், நான் ஈர்க்கால் ஊசி போட வேண்டும். "மெதுவாப் போடுங்க, கழுத்தப் புடிச்சிருக்கன்" என்று சொல்லி, ஒரு கையைத் தலையணையின் கழுத்துக்குக் கீழே கொடுத்துப் பிடித்திருப்பாய். அம்மா உன் தங்கச்சி முறைப் பிள்ளை ஒன்றைத் தூக்கியதைப் பார்த்துப் பழகினாய் போல. ஒரு நாள் உன் மாமா வந்து, "என்ன மச்சான், மகனுக்குப் பிள்ளைப்பேறு எப்ப?" என்று கேட்டுக் கையைத் தட்டிச் சிரித்தார். நீ தலையணையைக் கீழே போட்டாய். அதற்குப் பிறகு எடுக்கவே இல்லை. யது பிறந்து நீ லீவில் வந்தபோது அவனைக் கையில் வாங்கப் பயந்து நின்றாய். "அப்பா, கழுத்து மடங்கிருமா?" என்று என்னைக் கேட்டாய். நாலு வயதில் உனக்கு நன்றாகத் தெரிந்திருந்த வேலை அது. எனக்கு அன்று உன் மாமாவில் கோபம் வந்தது, அத்தனை வருடம் கழித்து.

இனி வீட்டுக் கதைக்கு வருகிறேன். எங்கள் பக்கத்து வழக்கத்தில் வீடு சீதனமாகப் பொம்பிளைப் பிள்ளைக்குத்தான். நீ பிறந்த வீடு உன் அக்காவுக்குப் போனது. நீ இருக்கிறது தர்சினியின் வீடு. நானும் மண்டூரில் இருந்து வந்து உன் அம்மாவின் வீட்டில் குடியிருந்தவன்தான். இதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. புருஷன் எப்படிப்பட்டவனாக இருந்தாலும் எங்கள் பெண்பிள்ளைகள் தெருவில் நிற்பதில்லை, அது பெரிய காரியம். ஆனால் இந்த வழக்கத்தை ஒரு சின்னப் பொடியனுக்கு யாரும் இருந்து விளங்கப்படுத்துவதில்லை. பகிடியாகத்தான் சொல்வோம். உன் மகள் பிறந்த கையோடு உன் மாமி வளவின் பின்பக்கம் அத்திவாரம் போடத் தொடங்கினா. வீடு கட்ட வந்த மேசன் குழி வெட்டிக்கொண்டிருக்க யது போய், "இது ஆர்ட வீடு?" என்று கேட்டான். "தங்கச்சிட வீடு மனே" என்றா மாமி. "முன்னுக்கு இருக்கிறது?" "அது அம்மாட." "அப்ப எண்ட?" "உனக்கென்ன ராசா, நீ கலியாணம் முடிச்சுப் பொஞ்சாதி வீட்ட போயிருவாய்." மேசன் சிரித்தான். தர்சினி சிரித்தாள். நானும் நின்று நன்றாகச் சிரித்தேன். எனக்கும் சின்ன வயதில் அதையேதான் சொன்னார்கள், உனக்கும் நாங்கள் அதையேதான் சொன்னோம். யது மட்டும் சிரிக்கவில்லை.

போன கிழமை மற்றப் பிள்ளைகளை இறக்கிவிட்டு அவனும் நானும் தனியே வந்தோம். "அப்பப்பா, எண்ட முடி வளந்திட்டா?" என்று கேட்டான்.

"ஓம், வளந்து கிடக்கு. வெட்டோணும்."

"வெட்ட வேணா."

"ஏன் மனே?"

"முடி வந்தாத்தானே லக்சி மாதிரிப் பொம்புளப்புள்ளயா வரலாம். பொம்புளப்புள்ள எண்டா வீட்ட இருக்கலாம், அம்மாவோட."

நான் ஓட்டோவை ஓரத்தில் நிறுத்திவிட்டேன். "பொடியன் எண்டா?" என்று கேட்டேன்.

"போகோணும்" என்றான். விரலை மடக்கினான். "அப்பா போய்த்தார். மாமா கலியாணம் முடிச்சுப் போய்த்தார். நீங்களும் மண்டூரில இருந்து வந்தீங்கதானே."

மகன், அவனுடைய கணக்கில் பிழை சொல்ல ஏலுமா? கண்ணால் கண்டதை வைத்துச் சரியாகக் கூட்டியிருக்கிறான். வீட்டுக்குள் இருக்கிறவர்கள் எல்லாரும் பொம்பிளைகள். ஆண் என்று பிறந்தவன் ஒவ்வொருவனும் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகிறான். அவன் பொம்பிளை மாதிரி வேலை செய்து பழகவில்லை. அந்த வீட்டில் இருப்பதற்கு வழி பார்த்திருக்கிறான். துவாய் அவனுக்கு விளையாட்டுச் சாமான் இல்லை, முடி வளரும்வரைக்கும் வைத்திருக்கிற முடி.

"நீ போகத் தேவல்ல மனே. முடி வெட்டினாலும் போகத் தேவல்ல. வளந்து பெரிய ஆளாகி, உனக்கு விருப்பம் எண்டாத்தான்" என்றேன். "நீங்க விருப்பத்திலயா வந்தீங்க?" என்று கேட்டான். ஓம் என்றேன். "அழல்லயா?" நான் பொய் சொல்லவில்லை. மண்டூரில் இருந்து வாவியைக் கடக்கிற பாதைப் படகில், சைக்கிளைப் பிடித்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றபோது கொஞ்சம் அழுதேன் என்று சொன்னேன். இதை உன் அம்மாவிடம்கூட நான் சொன்னதில்லை. யது என் தோளைத் தட்டிவிட்டு, "பரவால்ல" என்றான்.

இப்போது உன் கோலை நினைத்துப் பார். "ஆம்புளப்புள்ளதானே நீ" என்று நீ கத்தியது அவனுக்கு எப்படிக் கேட்டிருக்கும்? "நீ போக வேண்டிய ஆள்" என்று கேட்டிருக்கிறது. சட்டி பானையை எறி என்றது, போகிற வேலை தொடங்கிவிட்டது என்று கேட்டிருக்கிறது. "அப்பா லீவு முடிஞ்சி போகக்குள்ள என்னையும் கூட்டித்துப் போவாரா?" என்று தர்சினியிடம் கேட்டிருக்கிறான். அவள், நீ இல்லாமல் அவன் ஏங்குகிறான் என்று நினைத்து, "ஓம் ஓம், கூட்டித்துப் போவார்" என்று ஆசை காட்டியிருக்கிறாள். அன்றிலிருந்துதான் கட்டிலுக்குக் கீழே. உன்னில் பாசம் இல்லாமல் இல்லை. நீ அவனைக் கொண்டுபோக வருகிற ஆள்.

இதை வாசித்துவிட்டு, "அப்ப வேற ஒண்ணும் இல்லதானே" என்று நீ நிம்மதியாக மூச்சு விடுவாய் என்று எனக்குத் தெரியும். அந்த மூச்சையும் விடாதே. வீடு, அத்திவாரம் ஒன்றும் இல்லாமல், சும்மா ஆசைக்கு அவன் சோறு ஆக்கியிருந்தாலும் நான் இதே கடிதத்தைத்தான் எழுதியிருப்பேன். நீங்கள் அத்தனை ஆம்பிளைகளும் அங்கே முறை வைத்துத்தானே சமைக்கிறீர்கள். பருப்பு அடிப்பிடித்த சட்டியைப் படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பியது நீதானே. காப்புப் போட்டால் என்ன, பொம்மையைத் தூக்கினால் என்ன? அவன் யாராக வளரப்போகிறானோ அப்படியே வளரட்டும். நீ கத்தினால் அது மாறாது, ஒளிக்க மட்டும் பழகுவான். தங்கச்சி நாளைக்கு மட்டையைத் தூக்கினாலும் நான் சொல்கிறது இதுதான். அவளை மாமரத்தில் இருந்து இறக்காதே.

தர்சினி சட்டி பானையை எறியவில்லை. குசினியில் காஸ் சிலிண்டருக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தாள். நான் எடுத்து யதுவிடம் கொடுத்துவிட்டேன். ஏசுவதென்றால் என்னை ஏசு, அவளை ஏசாதே. உன் மாமியோடும் கதைத்தேன். முதலில் "சும்மா பகிடிக்குச் சொன்னதுக்குப் போய்" என்றா. அடுத்த நாள் யதுவைக் கூட்டிக்கொண்டு போய், முன்வீட்டில் ஜன்னல் வைத்த சின்ன அறையைக் காட்டி, "இது யதுட அறை. கலியாணம் முடிச்சாலும் வந்து படுக்கலாம்" என்று சொல்லியிருக்கிறா. அவன் அந்த அறைக்குள் தன் செருப்பைக் கொண்டுபோய் வைத்துவிட்டான். அங்கேயேதான் கிடக்கிறது.

நீ வந்து செய்ய வேண்டியது பெரிய வேலை இல்லை. பெட்டியைத் திறக்க முதல் அவனிடம் போ. கட்டிலுக்குக் கீழே இருந்தால் நீயும் தரையில் படு. "உன்னைக் கொண்டுபோக வரல்ல" என்று அவனிடம் சொல்லு. பிறகு அவன் உன்னை விளையாட்டுக்குக் கூப்பிடும்வரை பொறு, கூப்பிட்டால் எழும்பிப் போ. நான் நேற்றுப் போனேன். வளவில் மணல் சோறு வெந்துகொண்டிருந்தது. "நீங்கதான் அப்பா" என்றான் யது. எனக்குத்தான் அந்த விளையாட்டுத் தெரியுமே, எழும்பி வேலிப் பக்கம் நடந்தேன்.

"எங்க போறீங்க?" என்று கேட்டான்.

"கட்டாருக்கு."

"போகத் தேவல்ல. அப்பா வந்துத்தார். கையக் கழுவித்து வந்து இரிங்க."

இருந்தேன். பெரிய சிரட்டையில் நிறையப் போட்டு என் முன்னால் வைத்தான். நான் கையை நீட்ட, தட்டிவிட்டான். "இது உங்கட இல்ல. நீங்க சும்மாதானே அப்பா. இது அப்பாட. அவர் வந்தா சாப்பிடுவார்" என்று சொல்லி, மணல் விழாமல் மேலே ஒரு பூவரசம் இலையை வைத்து மூடினான். அந்தச் சிரட்டை இன்றைக்கும் அதே இடத்தில் இருக்கிறது, மகன். கோழி கிளறாமல் நான் ஒரு கூடையைக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். வந்து சாப்பிட்டுவிட்டு, உப்புக் காணாது என்று சொல்லாதே, நன்றாக இருக்கிறது என்று சொல்லு. மட்டையை அதற்குப் பிறகு எடுக்கலாம்.

அப்பா